சொல் விளக்கம்: தன்னாட்சி நிறுவனம்

காரைக்குடியில் ‘சிக்ரி’ என்றால் யாருக்கும் தெரியும். மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அது அரசு ஆபீஸ்தானே என்று கேட்டால் ஊரே ஆமாம் என்று சொல்லும். சட்டத்தின் பதில் இன்னும் கொஞ்சம் நீளமானது. சிக்ரியும் அடையாறில் உள்ள தோல் ஆய்வு நிறுவனமும் சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு) என்னும் அமைப்பின் கிளைகள். அந்த சிஎஸ்ஐஆர் அரசுத் துறை அல்ல, தன்னாட்சி நிறுவனம். ஆங்கிலத்தில் ‘அட்டானமஸ் பாடி’ என்பார்கள்.

மூலம் கிரேக்கச் சொல். ‘ஆட்டோஸ்’ என்றால் தான். ‘நோமோஸ்’ என்றால் சட்டம், வழக்கம். தன் சட்டத்தைத் தானே வகுத்துக்கொண்ட நகரங்களைக் கிரேக்கர்கள் அப்படிச் சொன்னார்கள். தமிழில் தன் + ஆட்சி. தனிக்குறிலுக்குப் பின்வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நன்னூல் விதி. அப்படித்தான் தன்னாட்சி ஆனது. சுயாட்சியும் இதே பொருள்தான், முன்பாதி மட்டும் வடமொழி. ஆனால் வழக்கில் இரண்டும் பிரிந்துவிட்டன: மாநிலத்துக்குச் சுயாட்சி, கல்லூரிக்கும் ஆய்வு நிறுவனத்துக்கும் தன்னாட்சி. ‘சுயேச்சை நிறுவனம்’ என்று எழுதுவது மட்டும் வேண்டாம். அதில் இருப்பது ஆட்சி இல்லை, இச்சை. தேர்தல் வேட்பாளருக்குப் பொருந்தும், பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வகத்துக்குப் பொருந்தாது.

சரி, இந்தத் ‘தன்’ யார்? 1942-இல் தொடங்கிய சிஎஸ்ஐஆர், 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான ஒரு சங்கம். இலக்கியம், அறிவியல், அறப்பணி ஆகியவற்றுக்காக ஆட்கள் கூடி அமைக்கும் சங்கங்களுக்கான சட்டம் அது. இந்தச் சங்கத்தின் தலைவர் பிரதமர். பெரும்பகுதிப் பணம் மத்திய அரசுடையது. அப்படியென்றால் அது அரசுதானே?

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் அங்கே வேலை பார்த்த ஒரு ஜூனியர் ஸ்டெனோகிராபர். ஊதிய உயர்வில் தனக்குச் சமநீதி கேட்டார். 1975-இல் தீர்ப்பு வந்தது: சிஎஸ்ஐஆர் வெறும் சங்கம், அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு சொல்லும் ‘அரசு’ அல்ல. ஆகவே அடிப்படை உரிமையை அதன்மீது கோர முடியாது. இது 27 ஆண்டுகள் நின்றது. வேலையிழந்த கொல்கத்தா ஆய்வக ஊழியர்களின் வழக்கில், 2002-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றியது. நிதி, பணி, நிர்வாகம் மூன்றிலும் அரசின் பிடி ஆழமாக இருந்தால், பதிவுச் சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் அது அரசுதான். எனக்கு இது மிகச் சரியான தீர்ப்பு. தன்னாட்சி என்பது ஆய்வை நடத்தத் தந்த சுதந்திரம், ஊழியரின் உரிமையை மறுக்கத் தந்த மறைப்பு அல்ல.

வணிகத்துக்கு வருவோம். ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் மையைப் பாருங்கள். அதில் இருக்கும் சில்வர் நைட்ரேட் தோலில் பிடித்துக் கறுத்துவிடும், சோப்புப் போட்டாலும் போகாது. அதன் செய்முறை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது, அதுவும் சிஎஸ்ஐஆர் கிளை. உரிமம் தருவது தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம். அது கம்பெனிச் சட்டத்தின்கீழ் 1953-இல் அமைந்தது. காய்ச்சி விற்பது மைசூர் பெயிண்ட்ஸ், கர்நாடக அரசின் கம்பெனி. 1962 தேர்தலிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஒரு சொட்டு மைக்குப் பின்னால் ஒரு சங்கம், இரண்டு கம்பெனிகள்! மூன்றும் பொதுச்சொத்து, ஆனால் எல்லாவற்றுக்கும் சட்ட உருவம் ஒன்றல்ல.

அதனால் எழுதும்போது, சங்கமாகப் பதிவானதைத் ‘தன்னாட்சி நிறுவனம்’ என்றும், கம்பெனியாகப் பதிவானதைப் ‘பொதுத்துறை நிறுவனம்’ என்றும் பிரித்து எழுதலாம். பேச்சில் ‘அரசு நிறுவனம்’ என்றாலும் குறையில்லை, 2002-க்குப் பிறகு அதற்குச் சட்டத்திலும் இடமிருக்கிறது.