ஐரோப்பாவுக்கு அலுமினியம் அனுப்புறீங்களா? சிபாம்ல காசு போற இடங்களைப் பாத்துக்கோங்க

ஐரோப்பிய யூனியனோட கார்பன் எல்லை வரி, எல்லாரும் சிபாம்னு சொல்றது, 2023 அக்டோபர்ல இருந்து வெறும் ரிப்போர்ட்டா இருந்துச்சு, 2026 ஜனவரி 1-ல இருந்து நிஜமாவே காசு கேக்குது. உலோகம் உருக்கும்போது வர்ற புகைக்கு விலை, அவ்வளவுதான். ஆனா மாட்டிக்கிட்டு முழிக்கிறது சின்ன யூனிட்காரங்கதான்.

முதல்ல ஒண்ணு. அந்தப் புகைக்கான காசைக் கட்ட வாங்குற சிபாம் சர்டிபிகேட்டை வாங்க வேண்டியது நீங்க இல்ல, அங்க இருக்குற இம்போர்ட்டர். 2026 சரக்குக்கான சர்டிபிகேட் 2027 பிப்ரவரிலதான் விற்பனைக்கே வருது, அதனால "எடுத்துத் தர்றேன்"னு யாராச்சும் உங்ககிட்ட பணம் கேட்டா குடுக்காதீங்க. உமிழ்வுக் கணக்கு, அதாவது ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு புகை வந்துச்சுங்கற கணக்கு, குடுக்குறதுதான் உங்க வேலை.

வருஷத்துக்கு 50 டன் வரைக்கும் விலக்குன்னு சொல்றாங்கல்ல, அது இம்போர்ட்டரோட கணக்கு, உங்களோடது இல்ல. நீங்க 8 டன்தான் அனுப்பிருப்பீங்க, அவர் வேற எங்கயோ இருந்து ஸ்டீல் போல்ட் இறக்கிருப்பார், எல்லாம் ஒண்ணாச் சேரும், தாண்டிட்டா அந்த வருஷம் வந்த மொத்த சரக்கும் உள்ள வந்துடும். சுங்கத்துல சரக்கு வகைக்குப் போடுற ஹெச்எஸ் கோடையும் பாருங்க, 7615 பாத்திரம் லிஸ்ட்ல இல்ல, மத்த அலுமினியப் பொருட்களுக்கான 7616 இருக்கு.

பெரிய அடி டீஃபால்ட் மதிப்புலதான், அதாவது நீங்க நிஜக் கணக்கு குடுக்கலன்னா ஐரோப்பிய யூனியன் தானா போட்டுக்குற உமிழ்வு நம்பர். "2026-ல மொத்தப் புகையில 2.5 சதவீதத்துக்குத்தானே காசு"ன்னு நம்பி உக்காந்துடாதீங்க. கழிக்கிறது பெஞ்ச்மார்க்ல, அதாவது அவங்க வச்சிருக்குற அளவுகோல் உமிழ்வுல, 97.5 சதவீதம், அதுக்கு மேல இருக்குறதுக்கு முழுசா கட்டணும். உதாரணத்துக்கு ஒரு டன் சரக்குக்கு பெஞ்ச்மார்க் 1.5 டன் கார்பன்னு வைங்க, கழிவு 1.46. உங்க நிஜக் கணக்கு 1.7ன்னா கட்ட வேண்டியது 0.24 டன்னுக்கு. கணக்கு இல்லாம டீஃபால்ட் 2.5 போட்டா 1.04, நாலு மடங்குக்கு மேல! அந்த டீஃபால்ட்ல 2026-ல 10 சதவீதம் சேத்துதான் போடுறாங்க, 2027-ல 20, அப்புறம் 30.

நான் கூட இருந்து பாத்த ஒரு எக்ஸ்ட்ரூஷன் யூனிட்ல (அலுமினியக் கட்டையை அச்சுல தள்ளி ப்ரொஃபைல் எடுக்குற இடம்), அந்தக் கட்டையை, அதாவது பில்லெட்டை, வித்த டிரேடர் உலோகத்தை உருக்கி எடுக்குற ஸ்மெல்ட்டரைக் கேளுன்னார், ஸ்மெல்ட்டர்ல நேரடி கஸ்டமருக்குத்தான் தருவோம்னாங்க, இம்போர்ட்டரோ வாரா வாரம் ஒரு எக்ஸெல் ஷீட்டை அனுப்பி நிரப்புன்னார். மூணு மாசம் போச்சு. ப்ரொஃபைல் தள்ளுற இடத்துல புகை கொஞ்சம்தான், பில்லெட்டுக்குள்ள வர்றதுதான் மலை, அந்த நம்பர் இல்லன்னா உங்க பக்கம் எவ்வளவு சுத்தமா இருந்தும் அந்தப் பங்குக்கு டீஃபால்ட்தான். இதுக்கு ஒரு பேப்பர் கிடைக்க ஒருத்தரை இத்தனை பேர்கிட்ட அலைய விடணுமா?

சோலார் கரன்ட் சர்டிபிகேட் வாங்கி வச்சிருக்கேன்னு வர்றவங்களுக்கும் சொல்றேன், அலுமினியத்துக்கு இப்போதைக்கு நேரடி உமிழ்வு மட்டும்தான் கணக்கு. ஒரு டன் உருக்க சுமார் 14,000 யூனிட் போனாலும் கரன்ட்டோட புகை இதுல வராது, முக்கியமா ஸ்மெல்ட்டர்ல ஆனோடுங்கற கார்பன் கட்டை எரியுறதும், அங்க வர்ற பிஎஃப்சிங்கற வாயுவும் வரும். இதுக்குன்னு காசு போட்டா வீண்.

நிஜக் கணக்குன்னா அங்கீகாரம் உள்ள வெரிஃபையர், அதாவது கணக்கைச் சரிபார்க்குறவர், முதல் வருஷம் நேர்ல வந்து பாக்கணும், ஐஎஸ்ஓ பேப்பர் செல்லாது. இப்பவே தேதி வாங்குங்க. அடுத்த பில்லெட் ஆர்டர்லயே "உமிழ்வு அறிக்கை இல்லாம கடைசி 10 சதவீத பேமென்ட் கிடையாது"ன்னு எழுதிடுங்க, சரக்கு இறங்கினப்புறம் கேட்டா யாரும் போன் எடுக்க மாட்டாங்க.