காஃப்காவில் பாக்கி நகர்கிறதா?

லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்த காஃப்காவை ஒரு பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நிரல்கள் அனுப்பும் செய்தியெல்லாம் கடைசி வரியில் ஏறும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் ஆஃப்செட். பேரேடு பல பார்ட்டிஷன்களாகப் பிரிந்து பல சர்வர்களில் இருக்கும். அதைப் படிக்கும் நிரலுக்கு கன்ஸ்யூமர் என்று பெயர். எதுவரை படித்து முடித்தோம் என்பதை அது அவ்வப்போது குறித்து வைக்கும். கடைசி வரி எண்ணிலிருந்து அந்தக் குறிப்பைக் கழித்தால் வருவது லேக், அதாவது படிக்காத பாக்கி.

கணக்கு சுலபம். ஆனால் பாக்கி 10,000 தாண்டினால் அலாரம் என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. விநாடிக்கு 50,000 செய்தி படிக்கும் நிரலுக்கு அது கால் விநாடி வேலைகூட இல்லை. நிமிடத்துக்குப் பத்தே செய்தி வரும் இடத்திலோ, நிரல் செத்து 16 மணி நேரம் கழிந்த பிறகுதான் அலாரம் அடிக்கும்.

குறிப்பு எண் நகர்கிறதா என்று பாருங்கள். பாக்கி இருந்தும் அது அசையவில்லையென்றால் நிரல் எங்கோ சிக்கியிருக்கிறது. அசைந்தும் பாக்கி ஏறிக்கொண்டே போனால் வேகம் போதவில்லை. லிங்க்ட்இன் வெளியிட்ட பர்ரோ என்ற கருவி, வரம்பு எண் எதுவும் கேட்காமல், அண்மைக் குறிப்புகளை வரிசையாக வைத்து இப்படித்தான் முடிவு செய்கிறது.

அப்புறம், மொத்தப் பாக்கியை நம்பாதீர்கள். 12 பார்ட்டிஷனில் 11 சுத்தமாக இருக்க, ஒன்றில் மட்டும் குவிந்து கிடக்கும். ஒரே கீ, அதாவது வாடிக்கையாளர் எண் போல செய்தியோடு வரும் ஒரே அடையாளம், உள்ள செய்திகள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போவதால், பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் செய்திகள் மொத்தமும் அங்கேயே சேரும். கன்ஸ்யூமர்களைக் கூட்டியும் பயனில்லை. வேலையைப் பங்கிட்டுப் படிக்கும் ஒரு குழுவில் ஒரு பார்ட்டிஷனை ஒரு கன்ஸ்யூமர்தான் படிக்க முடியும்.

கன்ஸ்யூமர் தானே தன் லேக்கைச் சொல்லும் வசதியும் உண்டு. ஆனால் செத்த கன்ஸ்யூமர் எதையும் சொல்லாது, வெளியிலிருந்தும் ஒரு கண் வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. நாம் எதையும் மாற்றாத இயல்பு அமைப்பில் காஃப்கா 7 நாளுக்கு மேல் பழைய செய்திகளை அழித்துவிடும், படித்தாயிற்றா என்று கேட்காது. அழிந்துபோன வரியைத் தேடி வரும் கன்ஸ்யூமர், அதுவும் இயல்பு அமைப்பிலேயே இருந்தால், நேராகப் பேரேட்டின் கடைசிக்குத் தாவிவிடும். இடையில் இருந்த அத்தனையும் போயிற்று, திரையில் லேக் பூஜ்யம். அதனால் பாக்கி காரணமில்லாமல் செங்குத்தாக விழுந்தாலும் நான் அலாரம் வைப்பேன்.