அணுக்கழிவைச் சூரியனுக்கு அனுப்பலாமா?

பழவேற்காட்டுக் கரையில் நின்றால், வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழுவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். மேற்கே கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவுகளைப் புதைக்கும் நிலம் இருக்கிறது. இரண்டையும் பார்த்து வளரும் எங்கள் பகுதிப் பிள்ளைகள், நச்சுக் கழிவை ராக்கெட்டில் ஏற்றிச் சூரியனில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பது இயல்பே. தொழிற்சாலைக் கழிவின் அளவு மிகப் பெரிது; அதற்கு இவ்வழி ஒவ்வாது. அணுக்கழிவைப் பொறுத்தவரை இதை நாசாவே 1970களில் ஆராய்ந்திருக்கிறது.

சூரியனில் ஒன்றைப் போடுவது கிணற்றில் கல்லைப் போடுவது போன்றதன்று. பூமி நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. பூமியை விட்டு நீங்கும் பொருளும் அதே வேகத்தைச் சுமந்தே செல்கிறது. அது சூரியனில் விழ வேண்டுமானால், அந்த வேகத்தை ஏறக்குறைய முழுவதுமாக நீக்க வேண்டும். சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேற்றுவதற்கோ, அதனுடன் இன்னும் 12 கி.மீ. வேகம் சேர்த்தால் போதும். சூரியனை நெருங்கிச் செல்வதற்கே பார்க்கர் விண்கலம் வெள்ளிக் கோளின் ஈர்ப்பை ஏழு முறை துணைக்கொண்டது. ஆகவேதான் நாசாவின் ஆய்வாளர்கள் சூரியனை விட்டுவிட்டு, பூமிக்கும் வெள்ளிக்கும் இடைப்பட்ட சுற்றுப்பாதையை எண்ணிப் பார்த்தார்கள்.

அடுத்தது எடை. 1000 மெகாவாட் அணுஉலை ஆண்டுக்குச் சுமார் 25 டன் எரிந்த எரிபொருளைத் தருகிறது. ஏறத்தாழ 640 டன் எடையுள்ள எல்.வி.எம்.3 ராக்கெட் 2023-இல் சுமந்து சென்ற சந்திரயான்-3 நான்கு டன்னுக்கும் குறைவு. நெடுங்காலம் கதிர்வீசும் தனிமங்களை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பினால் சுமை வெகுவாகக் குறையும் என்பது மறுக்க முடியாத வாதமே.

ஆனால் ராக்கெட்டுகள் தவறுகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட முதல் எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. 2006 ஜூலையில் ஒரு ஜி.எஸ்.எல்.வி.யும் அவ்வாறே அழிந்தது. 1964-இல் சுற்றுப்பாதையை எட்டத் தவறிய அமெரிக்கச் செயற்கைக்கோளிலிருந்து கதிர்வீசும் தனிமமான புளூட்டோனியம்-238 ஏறத்தாழ ஒரு கிலோ வளிமண்டலத்தில் பரவியது. ஏவும் நாள்களில் எங்கள் மீனவர்கள் கடலுக்குச் செல்லாமல் ஒதுங்கி நிற்கிறார்கள்; விழக்கூடியது உலோகத் துண்டு என்றால் அது போதும். ஆனால் அணுக்கழிவிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். வெடிப்பையும் வீழ்ச்சியையும் தாங்கும் தடித்த பேழையில் கழிவை அடைக்கலாம்தான். பேழை தடிக்கத் தடிக்க எடை ஏறும், எடை ஏற ஏற ஏவுதல்களின் எண்ணிக்கையும், அவற்றில் ஒன்று எங்கள் கடலில் விழும் வாய்ப்பும் ஏறும்.