மேலே ஏறியதும் எஞ்சின் நிற்கிறதா? டேங்கைக் கழற்றிப் பாருங்கள்

ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானங்களைப் பழுதுபார்ப்பதும் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். "சார், தரையில நல்லா ஓடுது. மேல போய்க் கொஞ்ச நேரத்துல நின்னுடுது" என்று விமானத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பலரும் அதற்குள் நீடில் வால்வை (எஞ்சினுக்குப் போகும் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகித் திருகிச் சலித்துப் போயிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் டேங்குக்குள் இருக்கும்.

டேங்கின் உள்ளே ஒரு சிலிக்கான் டியூப். அதன் நுனியில் க்ளங்க் எனப்படும் பித்தளைக் குண்டு. விமானம் எப்படிப் புரண்டாலும் எரிபொருள் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே குண்டும் விழ வேண்டும். டியூபை மாட்டும் பித்தளைக் குழாயை வெட்டிவிட்டு, விளிம்பில் இருக்கும் பிசிரைத் தேய்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிசிர் டியூபை மெல்ல அறுத்து, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டுவிடும். டேங்க் நிறைந்திருக்கும்வரை ஓட்டை எரிபொருளில் மூழ்கியிருப்பதால் ஒன்றும் தெரியாது. மட்டம் இறங்கியதும் ஓட்டை வழியே காற்றும் சேர்ந்து போகும், கலவை மெலியும் (எரிபொருள் குறைந்து காற்று கூடும்), எஞ்சின் சூடேறி நின்றுவிடும். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

குண்டு டேங்கின் பின்சுவரில் உரசக் கூடாது. சுமார் 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். மூக்கு குத்தி இறங்கினால் குண்டு முன்பக்கம் மடங்கி அங்கேயே சிக்கிக்கொள்வதுண்டு. அப்படி இறங்கிய பிறகு டேங்கைப் பார்க்காமல் மறுபடி பறக்க விடாதீர்கள்.

காற்றுக் குழாயை மேல்நோக்கி வளைத்து, டேங்கின் கூரையைத் தொட்டும் தொடாமலும் நிறுத்த வேண்டும். அதன் வெளிமுனை சைலன்சரின் பிரஷர் முனைக்குப் போகும். ரப்பர் அடைப்பானின் திருகை ஓரளவுக்கே இறுக்குங்கள். மிஞ்சினால் டேங்கின் கழுத்து பிளந்துவிடும். பிறகு மற்ற குழாய்களை அடைத்து, வாளித் தண்ணீரில் டேங்கை அமிழ்த்தி, சிரிஞ்சால் காற்றைச் செலுத்துங்கள். ஒரு குமிழி வந்தாலும் அதை விமானத்தில் பொருத்தாதீர்கள்.

டேங்கின் நடுக்கோடு நீடில் வால்வின் மட்டத்திலோ, அதற்கு 10 மி.மீ. வரை கீழேயோ இருக்கட்டும். உயரமாக வைத்தால் நிறுத்தி வைத்திருக்கும்போதே எரிபொருள் எஞ்சினுக்குள் வடிந்து தேங்கும். அது தெரியாமல் மின் ஸ்டார்ட்டரை வைத்தால் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டேங்கைச் சுற்றி ஃபோம் கட்டாயம் வையுங்கள். மரச்சட்டத்தில் நேரடியாக உட்கார்ந்தால் அதிர்வில் எரிபொருள் நுரைத்துவிடும். பெட்ரோல் எஞ்சினுக்குச் சிலிக்கான் டியூப் ஆகாது, ஊறி உப்பிவிடும். பெட்ரோலுக்கென்றே விற்கும் டியூபும் அடைப்பானும் வாங்குங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. க்ளோ எஞ்சின் (சூடான க்ளோ பிளக்கால் பற்றவைக்கும் சிறு எஞ்சின்) எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்த அதே விஷம். சிலர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், கைப்பம்பு போதும். மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் சேரும். பகல் வெளிச்சத்தில் இதன் தீ கண்ணுக்கே தெரியாது. சாயம் சேர்த்த எரிபொருள் பார்வைக்குக் குளிர்பானம் போலவே இருப்பதால், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் ஒரு வாய் குடித்துவிட்டால்கூட உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம்; அதுவரை காத்திருக்காதீர்கள்.