டீகார்பனைசேஷன்: சரக்குப் படகு எதைக் கைவிடப்போகிறது?

பழைய டீசல் இன்ஜின் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் ‘டீகார்பனைஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வால்விலும் பிஸ்டன் தலையிலும் படிந்த கரியைச் சுரண்டி எடுக்கிற வேலை என்றுதான் புரிந்துகொள்வார். ஆற்றில் ஓடும் சரக்குப் படகின் இன்ஜினுக்கும் அந்த வேலை உண்டு. ஆனால் சரக்குப் படகுகளை டீகார்பனைஸ் செய்யப்போகிறோம் என்று ஓர் அரசு அறிவிக்கும்போது சொல்வது அதையல்ல, பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவை அவை வெளியிடுவதைக் குறைப்பதை. கரியைச் சுரண்டிவிட்டு மறுபடியும் அதே டீசலை ஊற்றி ஓட்டினால் அந்த அறிவிப்பின்படி ஒன்றுமே நடக்கவில்லை. ஒரே இன்ஜின், ஒரே சொல், இரண்டு வேறு காரியம். ‘கார்பன் நீக்கம்’ என்ற நேர்மொழிபெயர்ப்பு எனக்கு உறுத்துவது இதனால்தான்.

சொல்லின் வேர் எளிமையானது. லத்தீனில் ‘கார்போ’ என்றால் கரி. 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவும் அவருடைய சகாக்களும் வேதிப்பொருள்களுக்குப் புதுப்பெயர் வைத்தபோது அதிலிருந்துதான் ‘கார்போன்’ என்று எடுத்தார்கள். நம்முடைய ‘கரி’யும் அப்படியே அதற்கு நேரானது, அதனால்தான் ‘கரிமம்’, ‘கரியமில வாயு’ என்றெல்லாம் தமிழில் இயல்பாக அமைந்தன. முன்னால் ஒட்டும் ‘டீ’ நீக்குவதைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இது இரும்பு காய்ச்சுகிறவர்களின் சொல்: உருகிய இரும்பிலிருந்து மிகையான கரிமத்தை எடுத்தால் எஃகு. அப்புறம் மோட்டார் இன்ஜினுக்கு வந்தது, பருவநிலைப் பேச்சுக்கு வந்தது கடைசியாகத்தான்.

சரி, படகுக்காரர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? 2018இல் ஐரோப்பாவின் ரைன் நதிப் போக்குவரத்தை மேற்பார்க்கும் ஆணையத்தின் நாடுகள் ஜெர்மனியின் மான்ஹைமில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டன: உள்நில நீர்வழிப் படகுகளின் பசுங்குடில் வாயு உமிழ்வை 2015ஐ ஒப்பிட்டு 2035க்குள் 35 சதவீதம் குறைக்க வேண்டும், 2050க்குள் பெரும்பாலும் இல்லாமலே செய்ய வேண்டும். (‘உள்நாட்டு நீர்வழி’ என்றுதான் வழக்கமாக எழுதுகிறோம், ஆனால் ரைன் பல நாடுகளைத் தொட்டு ஓடுகிற ஆறு, ‘உள்நில’ என்பதே பொருத்தம்.) நெதர்லாந்தில் 2021இல் ‘அல்ஃபனார்’ என்ற படகு, கன்டெய்னர் வடிவத்தில் செய்த பேட்டரிகளை ஏற்றிக்கொண்டு, தீர்ந்ததைக் கரையில் இறக்கி நிரம்பியதை ஏற்றும் முறையில் ஓடத் தொடங்கியது. இதில் ஒரு சங்கடம் உண்டு, கடலைவிட ஆற்றில் அது பெரிது: பேட்டரி கனம், கனம் கூடினால் படகு ஆழமாக அமிழும், கோடையில் ஆறு வற்றும்போது அந்த அளவுக்குச் சரக்கைக் குறைத்தாக வேண்டும்.

ஆகவே எல்லாப் படகும் மின்சாரத்துக்குப் போகாது, சில மெத்தனால் என்ற திரவ எரிபொருளுக்கும் தாவர எண்ணெயிலிருந்து செய்த டீசலுக்கும் போகும். நம் மொழிபெயர்ப்பு உடைவது இங்கேதான். மெத்தனால் மூலக்கூறிலேயே ஒரு கரிம அணு இருக்கிறது! தாவர எண்ணெய் டீசலை எரித்தாலும் புகைபோக்கியில் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனாலும் அந்தக் கரிமம் செடி சற்றுமுன் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது, பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்ததைத் தோண்டி எடுத்ததல்ல. மெத்தனாலையும் அப்படிப்பட்ட கரிமத்திலிருந்து தயாரித்தால்தான் கணக்கில் வரும், இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரித்தால் வராது.

அப்படியானால் படகு கைவிடப்போவது கரிமத்தை அல்ல, புதைந்து கிடந்த கரிமத்தை. நான் ‘புதைகரி விலக்கு’ என்று எழுத விரும்புகிறேன். ‘வரிவிலக்கு’ மாதிரி சலுகை என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று யோசித்தேன். ஆனால் ‘மதுவிலக்கு’ நம் காதில் ஆழப் பதிந்த சொல், ஒரு பழக்கத்தைத் தீர்மானித்துக் கைவிடுவது என்ற பொருள் அதில் தெளிவாக நிற்கிறது. ‘கரிம உமிழ்வுக் குறைப்பு’ என்பதும் தவறில்லை, பாதி தூரம் போனதைச் சொல்ல அது போதும்.

‘பார்ஜ்’ என்பதற்குச் ‘சரக்குப் படகு’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் பட்டினப்பாலையில் ‘பஃறி’ இருக்கிறது. உப்பை விற்று நெல்லை ஏற்றிக்கொண்டு வந்து, உப்பங்கழியோரத்தில் குதிரையைக் கட்டுவது போலக் கட்டிவைத்த படகு அது.