டிபி திரும்பவில்லை, பூஞ்சை குடியேறியிருந்தது

"டிபி திரும்ப வந்துடுச்சுங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் உள்ளே வந்தார். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி, வயது அறுபதை நெருங்குகிறது. பல வருடங்களுக்கு முன் காசநோய்க்கு ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். இப்போது மூன்று மாதமாக இருமல், உடம்பு இளைப்பு, இரண்டு முறை சளியில் ரத்தம். வேறோர் இடத்தில் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி டிபி மாத்திரையைத் தொடங்கியிருந்தார்கள். சளியை யாரும் சோதிக்கவில்லை.

சோதித்தோம். காசநோய்க் கிருமி இல்லை. சி.டி. ஸ்கேனில் விஷயம் புரிந்தது. பழைய நோய் நுரையீரலை அரித்துவிட்டுப் போன குழிக்குள் ஓர் உருண்டை, அதன் மேல் பிறை போலக் காற்று. குப்புறப் படுக்கவைத்து எடுத்தால் உருண்டை இடம் மாறியது. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் பந்து அது. ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் புரதமும் கூடியிருந்தது.

இந்தப் பூஞ்சை எங்கிருந்து வருகிறது? நம் டெல்டாவில் தேடவே வேண்டாம். குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்து களத்தில் நனைந்த நெல், ஈரத்தோடு போட்ட வைக்கோல் போர், சாணக்குப்பை எல்லாவற்றிலும் உண்டு. போரைப் பிரிக்கும்போது புகை மாதிரி எழும் தூசியில் இதன் வித்துகளும் இருக்கும். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரான்தான், மூச்சுப்பையின் கடைசி அறை வரை போய்விடும். நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை, அதனால் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை.

பழைய காசநோய்க் குழி உள்ளவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளணு குறைந்தவர்கள், இவர்களிடம்தான் அது வேலையைக் காட்டும். வெள்ளணு குறைந்தவர்களுக்கு நாட்கணக்கில் உயிரையே பறிக்கும். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கு மியூகர் என்ற வேறொரு பூஞ்சை, 2021-இல் எல்லோரும் 'கறுப்புப் பூஞ்சை' என்று பயந்தோமே, அதுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கோ அஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமையாக வந்து, எந்த இன்ஹேலருக்கும் அடங்காமல் படுத்தும். மூட்டுவலிக்கும் மூச்சிளைப்புக்கும் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் 'சின்ன வெள்ளை மாத்திரை' பல சமயம் ஸ்டீராய்டுதான். எனக்குக் கோபம் வருகிற இடம் அது.

சரி, அவருக்கு என்ன செய்தோம்? குழி ஒன்றுதான், மற்ற நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றால் அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். அவருக்கு அந்தத் தெம்பு இல்லை. அதனால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, குறைந்தது ஆறு மாதம், இடையிடையே கல்லீரல் சோதனை. கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும், கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் 'வாயு மாத்திரை' போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. முதல் வேலையாக அந்த டிபி மாத்திரையை நிறுத்தினோம், அதிலுள்ள ரிஃபாம்பிசின் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் அடியோடு குறைத்துவிடும். அது உடம்பை விட்டு இறங்க இரண்டு வாரமாவது விட்டுத்தான் புது மருந்தைத் தொடங்கினோம்.

பந்து அப்படியேதான் இருக்கிறது. ரத்தம் நின்றது, எடை ஏறியிருக்கிறது. மறுபடி ரத்தம் வந்தால், அது ஒரு கரண்டியோ ஒரு டம்ளரோ, ராத்திரியானாலும் தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போர் பிரிக்கும் வேலையை மகனிடம் விடச் சொன்னேன். "அவனுக்குப் போர் போடவே தெரியாதுங்க" என்கிறார். இப்போதைக்கு என்-95 முகக்கவசத்தில் சமாதானமாகியிருக்கிறோம்.