தோலாவிரா போகிறவர்களே, ஓட்டுச்சில்லில் கை வைக்காதீர்கள்

"தரையில சும்மா கிடந்தது சார், தோண்டி எடுக்கல." உடைந்த பானை ஓட்டைப் படம்பிடித்து, அகழாய்வு செய்யும் எங்களுக்கு அனுப்பி எத்தனை ஆண்டு பழசு என்று கேட்பவர்கள் சொல்லிவைத்தாற்போல் எழுதும் வரி இது. சிந்துவெளி நகரமான தோலாவிரா இருக்கும் குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளியில் சுற்றுலா தொடங்கிவிட்டால் வாரம் தவறாமல் வரும்.

தோண்டாவிட்டால் குற்றமில்லை என்று யார் சொன்னது? தோலாவிரா இருக்கும் காதிர் திட்டு மாதிரி வறண்ட நிலத்தில் காற்று பொடிமண்ணை வாரிக்கொண்டு போய்விடும். கனமான ஓடும் கல்லும் பெரும்பாலும் அங்கேயே தங்கும். அடியில் என்ன இருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் ஊகிக்கிறோம். குழி போடுமுன் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை ஓடு, என்ன வகை என்று எண்ணுவது இதற்காகத்தான். உருகிக் கோணிய ஓடுகள் குவிந்திருந்தால் பக்கத்தில் சூளையைத் தேடுவோம். சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லின் சில்லுகளோடு விரல்நுனி நீளக் கல் துளைப்பான்கள் கிடந்தால் அது மாலையில் கோக்கும் மணி செய்த பட்டறை. பயணிகள் சிவப்புச் சில்லைப் பொறுக்கிக்கொள்வார்கள்; துளைப்பானை வெறும் கல் என்று மிதித்துவிட்டுப் போவார்கள். அதன்பின் பட்டறையை எங்கே போய்த் தேடுவது?

தோலாவிராக் கோட்டையின் வடக்கு வாயிலை ஒட்டிய அறையில் கிடைத்த 10 சிந்து எழுத்துக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 37 செ.மீ. உயரம். ஜிப்சத் துண்டுகளைப் பலகையில் பதித்திருக்கிறார்கள். பலகை மக்கிவிட்டது. துண்டுகள் வரிசை கலையாமல் கிடந்ததால்தான் எழுத்து என்றே தெரிந்தது. அதில் நாலைந்தை யாரேனும் எடுத்துப்போயிருந்தால் நமக்கு மிஞ்சியது வெள்ளைக் கல்.

"கழுவிப் பத்திரமா ஷோகேஸ்ல வெச்சிருக்கேன்" என்பார்கள். ஐயோ! அது உப்பு மண்ணில் கிடந்த ஓடு. நுண்துளையெல்லாம் உப்பு. மழைக்காலத்து ஈரத்தில் கரையும், காய்ந்ததும் படிகமாகும். மேல்தோல் செதில் செதிலாக உரிந்து, தீட்டிய கறுப்புக் கோடு முதலில் போகும். அகழாய்வு முகாமில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்போம். கடைசியில் வாலைவடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்து, உப்பு இருந்தால் பால் மாதிரி கலங்கும்; அது நிற்கும்வரை விடமாட்டோம். வாரக்கணக்கில் இழுக்கும். சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு.

மதில்மேல் ஏறாதீர்கள். முகப்புதான் கல், உள்ளே சுடாத பச்சைச் செங்கல்லும் மண்ணும். விளிம்பு சரிந்தால் அடுத்த மழை உள்ளே இறங்கும். படத்தில் நிறம் தெரியட்டும் என்று கல்லில் பாட்டில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினாலும் பெயர்த்து எடுத்தாலும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். கைப்பேசியில் இருப்பிடப் பதிவு ஓடட்டும். நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படத்தைக் காவலாளியிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே எடுத்து வந்தவர்கள் தயவுசெய்து திரும்பப் போய் அங்கே வீசிவிட்டு வராதீர்கள். இடம் மாறி விழுந்த ஓட்டையும் சேர்த்து எண்ணினால் கணக்கே பொய்யாகிவிடும். எந்தப் பக்கம், எந்த மாதம் எடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, ஓட்டோடு அங்குள்ள அருங்காட்சியகத்தில் கொடுத்துவிடுங்கள். நினைவில்லை என்றால் "நினைவில்லை" என்றே எழுதுங்கள்.